கேள்வி-பதில்: பியர் காய்ச்சும் அண்டாவுக்கு உறை போடலாமா?

வீட்டில் பியர் தயாரிக்கும் வாசகர்கள், அண்டாவின் சூட்டைக் காப்பது எப்படி என்று தொடர்ந்து கேட்கிறார்கள். கேஸ் பர்னர் மேல் உட்காரும் அண்டா என்பதால் தீவிபத்து, நச்சுக்காற்று என்ற இரண்டு ஆபத்துகளும் இதில் உண்டு. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம். வீட்டில் பியர் தயாரிக்க நீங்கள் வாழும் இடத்துச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என்னிடம் 40 லிட்டர் எவர்சில்வர் அண்டா இருக்கிறது. அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) 67 டிகிரி வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் கட்டத்தில், ஒரு மணி நேரத்துக்குள் சூடு நான்கு டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது. அலுமினியம் ஒட்டிய குமிழ் ஷீட்டைச் சுற்றி, அடியில் மட்டும் 10 சென்டிமீட்டர் விட்டுவிட்டால், பர்னர் எரியும்போதும் அதை அப்படியே வைத்திருக்கலாமா?

கூடாது. அடுப்பு எரியும்போது உறை அண்டாவில் இருக்கவே கூடாது. மற்ற எல்லா முடிவுகளையும் இதிலிருந்து தொடங்குங்கள்.

அண்டாவின் அடியில் மோதும் தீ அங்கேயே நின்றுவிடுவதில்லை. பல நூறு டிகிரி சூடுள்ள புகைக்காற்று அடிவிளிம்பைச் சுற்றி வளைந்து, பக்கச் சுவரை ஒட்டியே மேலே ஏறுகிறது. நீங்கள் விடும் 10 சென்டிமீட்டர் இடைவெளி நேராக எரியும் தீயிலிருந்து வேண்டுமானால் ஷீட்டைக் காப்பாற்றும். ஏறிவரும் அந்தக் காற்றிலிருந்து காப்பாற்றாது. லேசாகக் காற்றடித்தால் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்து இடைவெளியை முழுதாகத் தாண்டிவிடும். ஷீட் சுவரோடு இறுக ஒட்டாமல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து ஒரு புகைபோக்கி ஆகிவிடுகிறது. சூடான காற்றை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வெளியே அலுமினியமாகத் தெரிந்தாலும் அந்த ஷீட்டின் உடம்பு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். சுமார் 80 டிகிரி வரைதான் அதை நம்பலாம். 110 டிகிரி வாக்கில் உருகிவிடும். மேலே ஒட்டிய அலுமினியம் கதிர்வீச்சு வெப்பத்தைத் திருப்பி அனுப்புமே தவிர, தொட்டுக்கொண்டு போகும் சூடான காற்றை ஒன்றும் செய்யாது. கெடுவது எப்போதும் கீழ் ஓரத்தில்தான் தொடங்கும். முதலில் ஓரம் சுருங்கி மேலே ஏறும். குமிழ்கள் அமுங்கி, உரிந்த அலுமினியம் சருகு போலத் தொங்கும். பிறகு மெழுகுவத்தி அணைந்தது போன்ற ஒரு வாடையுடன் கண்ணாடி நிறச் சொட்டுகள் பர்னர் தலையில் விழுந்து எரியத் தொடங்கும். வாடை வரும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

தெர்மாகோல், யோகா பாய் போன்ற ஃபோம் வகைகள், ஸ்பிரே ஃபோம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஸ்பிரே ஃபோமாகப் பூசும் பாலியூரித்தேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு கலந்த புகை வரும் என்பதால் அதை அண்டாவில் எந்த நிலையிலும் பயன்படுத்த வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது கழற்றி மாட்டும் உறை. தண்ணீரைச் சூடாக்கி, மால்ட்டைப் போட்டுக் கிளறி, 67 டிகிரி நிற்கிறது என்று பார்த்து, சிலிண்டர் வால்வை மூடுங்கள். பர்னரும் ஸ்டாண்டும் ஆற ஐந்து நிமிடம் விடுங்கள். தடித்த வார்ப்பிரும்பு பர்னர் என்றால் பத்து நிமிடம். அதன் பிறகு உறையை மாட்டுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில், மூடி போட்ட அண்டாவில் அரை டிகிரிகூட இறங்காது. அப்படி மாட்டினால் உங்களிடம் இருக்கும் குமிழ் ஷீட்டே போதும். இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றலாம். 67 டிகிரி சுவரை அது தாராளமாகத் தாங்கும்.

உறை போட்டால் உண்மையில் எவ்வளவு மிச்சம்? கணக்கு சொல்ல முடியுமா?

36 சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அண்டாவின் பக்கச் சுவர் சுமார் 0.45 சதுர மீட்டர். உள்ளே 67 டிகிரி, வெளியே 22 டிகிரி, காற்று அசையாத இடம் என்று வைத்துக்கொண்டால் வெறும் சுவர் வழியாக மட்டும் ஏறக்குறைய 150 வாட் போகும். 30 லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி ஆற 35 வாட் இழப்பு போதும். ஆகவே முதல் வாசகர் சொல்லும் நான்கு டிகிரி சரியாகவே பொருந்துகிறது. காற்றடிக்கும் இடத்தில் இது எளிதில் இரட்டிப்பாகும்.

25 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல இழைப் பாயைச் சுற்றினால் பக்கவாட்டு இழப்பு 30 வாட் அளவுக்கு இறங்கும், அதாவது மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவு. அதற்கு மேல் தடிமன் கூட்டிப் பெரிய பயன் இல்லை. மீதி இழப்பு மூடி வழியாகவும் அடி வழியாகவும்தான் போகும்.

கொதிக்கும் கட்டத்தில் கதை வேறு. அப்போது வெறும் சுவர் வழியாகப் போவது 300 வாட் அளவுதான். வெளியில் வைத்துக் காய்ச்சும் பர்னர்கள் பல 15 கிலோவாட் அளவு தருபவை. அதோடு, பர்னர் எரியும்போது சுவரை ஒட்டி ஏறும் புகைக்காற்று உள்ளே கொதிக்கும் திரவத்தைவிடச் சூடானது. சுவரின் கீழ்ப்பகுதி அப்போது வெப்பத்தை இழக்கவில்லை, வாங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே உறை போட்டால் வரும் சூட்டையே தடுக்கிறோம். ஆகவே கொதிக்கும்போது உறையைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு மட்டுமல்ல, சிக்கனமும் அதுதான்.

ஒவ்வொரு முறையும் ஷீட்டைச் சுற்றி டேப் ஒட்ட அலுப்பாக இருக்கிறது. நிரந்தரமாக உழைக்கும் உறையைத் தைப்பது எப்படி?

வெளித்துணியாக சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழைத் துணியை எடுங்கள். 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், நீர் புகாது, துடைக்கலாம். உள்ளே வைக்க, பிசின் சேர்க்காமல் ஊசியால் குத்திப் பிணைத்த கண்ணாடி இழைப் பாய், 25 மில்லிமீட்டர் தடிமன். சாதாரண கிளாஸ் வுல், ராக் வுல் இரண்டிலும் பிசின் இருக்கும். 200 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பிசின் தீய்ந்து புகை விடும். ஆறாத ஸ்டாண்டில் தவறி உரசினாலும் சேதம் வராமல் இருக்கத்தான் பிசின் இல்லாத பாயைச் சொல்கிறோம். தைக்க, சூடு தாங்கும் அராமிட் இழை நூல். சாதாரண பாலியெஸ்டர் நூல் சூட்டில் இளகித் தையல் பிரிந்துவிடும்.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். 36 சென்டிமீட்டர் அண்டாவின் சுற்றளவு 113 சென்டிமீட்டர். உறையின் உள்துணிக்கு அது சரி. ஆனால் 25 மில்லிமீட்டர் பாய் இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டத்தை 41 சென்டிமீட்டர் ஆக்குவதால் வெளித்துணி 129 சென்டிமீட்டர் வேண்டும். இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால், மாட்டும்போது இரு முனைகளும் சேராமல் நடுவே ஒரு பிளவு விழும். சூடு அந்தப் பிளவு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் மேலே தையலுக்கு 3 சென்டிமீட்டரும், வெளித்துணியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் மடிப்புக்கு 8 சென்டிமீட்டரும் சேர்த்து வெட்டுங்கள்.

உயரத்தில் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். உறை ஸ்டாண்டில் உட்காராமல் இருக்க இது வேண்டும். குழாய் வால்வு, தெர்மாமீட்டர் இரண்டுக்கும் வட்ட ஓட்டை வெட்டாதீர்கள். கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஒரு நீள்வெட்டு போட்டு ஓரம் மடித்துத் தையுங்கள். அப்போதுதான் வால்வையும் தெர்மாமீட்டரையும் கழற்றாமல் உறையை எடுக்க முடியும். கைப்பிடிகளுக்கு மேலிருந்து கீழே அதேபோல் வெட்டு. கைப்பிடியை உறை மூடிவிட்டால் பிடி நழுவும். 30 லிட்டர் வெந்நீரோடு அது விளையாட்டல்ல.

முனைகளைச் சேர்க்க எவர்சில்வர் கொக்கிகளும் சுருள் கம்பிகளும் சிறந்தவை. நைலான் வெல்க்ரோவும் 67 டிகிரியில் வேலை செய்யும். ஆனால் தவறுதலாக உறையோடு அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் முதலில் இளகுவது அதுதான். இழைப் பாயை வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, துகள் முகக்கவசம் அவசியம். வெட்டிய ஓரங்கள் முழுவதும் துணிக்குள் போய்விட வேண்டும். இழை வெளியே தெரிந்தால் கையில் அரிப்பு வருவது ஒருபுறம், அது அண்டாவுக்குள்ளும் விழும்.

மூடிக்குத் தனியாக ஒரு வட்டத் திண்டு தையுங்கள். மூடியைவிட 3 சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் விளிம்பும் மறையும். அவசரத்துக்கு ஒரே ஒரு பகுதிக்குத்தான் காப்பு செய்ய முடியும் என்றால் மூடியைத் தேர்ந்தெடுங்கள். திறந்த பரப்பிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு 100 மில்லி தண்ணீரும் 30 லிட்டரில் இரண்டு டிகிரியை எடுத்துக்கொண்டு போகிறது.

செராமிக் ஃபைபர் பாய் 1260 டிகிரி தாங்கும் என்கிறார்கள். அதைச் சுற்றி மேலே தகடு அடித்து நிரந்தரமாகவே விட்டுவிட்டால் என்ன?

எரியாது என்பது உண்மை. ஆனாலும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. மேலே சொன்ன கணக்குப்படி கொதிக்கும்போது அதனால் லாபம் மிகக் குறைவு என்பது ஒரு காரணம். அந்த இழைத் தூசி நுரையீரலுக்குள் இறங்கக்கூடியது என்பது அடுத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. ஒருமுறை கடுமையாகச் சூடேறி ஆறிய பாய் நொறுங்கும் தன்மை பெற்று, முன்பைவிட அதிகமாகத் தூசி விடும்.

இவற்றைவிடப் பெரிய தொல்லை வோர்ட் பொங்கி வழிவது. மால்ட்டிலிருந்து வடித்த அந்த இனிப்புக் கரைசல் தகட்டுக்குள் கசிந்தால் பாய் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய பாய் வெப்பத்தைத் தடுப்பதில்லை, கடத்துகிறது. காய்ந்த சர்க்கரையோ அடுத்த முறை அடுப்பு பற்றியதும் தீய்ந்து புகையும். வால்வு மூட்டில் கசிவு இருந்தாலும் தகட்டுக்குப் பின்னால் உங்கள் கண்ணில் படாது.

எப்படியும் செய்வேன் என்பவர்கள், உயிரிக் கரைதன்மை உள்ள (உடலுக்குள் போனால் மெல்லக் கரையக்கூடிய) கார மண் சிலிக்கேட் இழைப் பாயை வாங்குங்கள். அடியிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல்தான் தொடங்க வேண்டும். மேல் ஓரத்தில் தகடு விளிம்பைச் சுவரோடு சேர்த்து முழுதாக வெல்டிங் செய்து மூட வேண்டும். கீழ் ஓரத்தில் ஆவி வெளியேறச் சிறு துளைகள் வேண்டும். வால்வின் பிளாஸ்டிக் கைப்பிடிக்கும் திரவ மட்டம் காட்டும் அளவுமானிக் குழாய்க்கும் கீழே ஒரு தகட்டுத் தடுப்பும் வைக்க வேண்டும். அண்டாவின் அடியை எந்தப் பொருளாலும் மூடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறோம்.

பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) துணி வீட்டில் கிடக்கிறது. பயன்படுத்தலாமா?

தொடவே வேண்டாம். வெட்டவும் வேண்டாம், உதறவும் வேண்டாம். உங்கள் பகுதியில் ஆபத்தான கழிவுகளை வாங்கிக்கொள்பவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

காற்றடித்தால் தண்ணீர் கொதிக்கவே மறுக்கிறது. பர்னரைச் சுற்றித் தகடு வைத்து மறைக்கலாமா? எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

உறை செய்ய முடியாததை இந்தத் தகட்டு வளையம் செய்யும். தீ எரியும்போது வேண்டியது இதுதான். காற்றைத் தடுப்பதோடு, புகைக்காற்றைச் சுவரோடு சேர்த்து ஏறவும் வைக்கும்.

எவர்சில்வர் அல்லது துத்தநாகம் பூசாத இரும்புத் தகட்டை எடுங்கள். துத்தநாகப் பூச்சு தீயில் பட்டால் புகையும், அந்தப் புகை காய்ச்சலை வரவழைக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் என்பதால் தீயை ஒட்டிய இடத்தில் அது வேண்டாம். அண்டாவின் பாதி உயரம் வரை தகடு இருந்தால் போதும். அண்டாவுக்கும் தகட்டுக்கும் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் விடுங்கள். 36 சென்டிமீட்டர் அண்டாவில் அது ஏறக்குறைய 240 சதுர சென்டிமீட்டர் வழி தரும். அதைவிட முக்கியம், தகடு பர்னர் தலைக்குக் கீழே இறங்கக் கூடாது. காற்று உள்ளே வரும் கீழ்ப்பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

அளவு சரியா என்பதைத் தீயே சொல்லிவிடும். முழு வேகத்தில் வைத்துவிட்டுக் குனிந்து கீழிருந்து பாருங்கள். நீலத் தீ கூர்மையாக, ஒரே சீராக இருந்தால் சரி. நுனி மஞ்சளாகச் சோம்பி ஆடினாலும், தீ அடிவழியாகப் பக்கத்தில் எட்டிப்பார்த்தாலும், அண்டாவில் கரி படிந்தாலும் காற்று போதவில்லை என்று பொருள். இடைவெளியை 3 சென்டிமீட்டர் ஆக்குங்கள். அப்போதும் மாறாவிட்டால் வளையத்தை எடுத்துவிடுங்கள்.

சிலிண்டர் எப்போதும் தகட்டுக்கு வெளியே, குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். காற்று வீசும் திசைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் வையுங்கள். காற்று போகும் பக்கம் வைத்தால் சூடான காற்று சிலிண்டர் மேல் வீசும். காற்று வரும் பக்கம் வைத்தால் ரெகுலேட்டரில் கசியும் கேஸ் நேராகத் தீயை நோக்கி வரும். பற்றவைத்து பத்து நிமிடம் கழித்து, சிலிண்டர் பக்கத்திலிருந்து தொடங்கி டியூபைக் கையால் தொட்டுப் பாருங்கள். எங்காவது வெதுவெதுப்பாக இருந்தால் தகடு அந்தப் பக்கம் வெப்பத்தை எறிகிறது. அணைத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

மழை வந்தால் கார் ஷெட்டுக்குள் ஷட்டரைப் பாதி திறந்துவைத்துக் காய்ச்சுகிறேன். போன முறை லேசாகத் தலை வலித்தது. தகட்டு வளையம் காரணமாக இருக்குமா?

காரணமாக இருக்கலாம். ஆனால் வளையத்தை எடுத்தாலும் அங்கே காய்ச்சாதீர்கள். தலைவலி, குமட்டல், அசதி மூன்றும் கார்பன் மோனாக்சைடு நஞ்சின் முதல் அறிகுறிகள். கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலித்தால் அடுப்பை அணைத்துவிட்டு உடனே திறந்த வெளிக்குப் போய்விட வேண்டும். வலி நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், கேஸ் அடுப்பு அருகில் இருந்ததைச் சொல்லுங்கள்.

15 கிலோவாட் பர்னர் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் எரிக்கும். ஒரு கிலோ கேஸ் முழுதாக எரியச் சுமார் 13 கனமீட்டர் காற்று வேண்டும். ஒரு சிறிய அறையின் பாதிக் காற்று அது. நீங்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள். மேலும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. பாதி திறந்த ஷட்டர் இருந்தாலும் கசிந்த கேஸ் தரைக் குழிகளில் தேங்கி நிற்கும். மழை என்றால் நாளைத் தள்ளிப்போடுங்கள், அல்லது நான்கு பக்கமும் திறந்த, உயரமான கூரையின் கீழே காய்ச்சுங்கள். உள்ளே காய்ச்சியே ஆக வேண்டியவர்கள் மின்சார ஹீட்டருக்கு மாறுவதுதான் முறை. மின்சார அண்டாவில் கண்ணாடி இழை உறையைக் கொதிக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை. 80 டிகிரி வரை மட்டுமே நம்பத்தக்க குமிழ் ஷீட்டுக்கு இது பொருந்தாது.

உறை போட்டும் மூன்று டிகிரி இறங்குகிறது. என்ன தவறு?

மால்ட்டைப் போட்டதும் இறங்குவதை இழப்பாக எண்ணுகிறீர்களோ என்று தோன்றுகிறது. குளிர்ந்த மால்ட் சூட்டை வாங்கிக்கொள்ளும். அது உறையால் தடுக்க முடியாதது. கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர், 22 டிகிரியில் மால்ட் என்றால், 67 டிகிரி கிடைக்கத் தண்ணீர் 73 டிகிரியில் இருக்க வேண்டும். கிளறி ஐந்து நிமிடம் கழித்து எடுக்கும் அளவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அதற்குப் பிறகும் மூன்று டிகிரி என்றால், எத்தனை முறை மூடியைத் திறந்தீர்கள் என்று பாருங்கள். அடியில் காற்று ஓடுகிறதா என்றும் பாருங்கள். பர்னர் நன்றாக ஆறிய பிறகு தகட்டு வளையத்தால் ஸ்டாண்டைச் சுற்றி மறைத்தால் அடி இழப்பு குறையும். அண்டாவைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

நடுவில் மீண்டும் சூடேற்ற வேண்டுமானால்?

உறையைக் கழற்றி இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். மால்ட் துணிப்பையில் இருந்தால் அது அடியைத் தொடாதபடி உயர்த்துங்கள், அல்லது அடியில் துளைத்தட்டு இருக்கட்டும். நைலான் பை அடியோடு ஒட்டினால் உருகி ஓட்டை விழும். நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாத அளவுக்குச் சின்னத் தீயாக வைத்து, விடாமல் கிளறுங்கள். வேண்டிய சூட்டுக்கு ஒரு டிகிரி முன்னதாகவே அணைத்துவிடுங்கள், அடித்தகட்டின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். பர்னர் ஆறிய பிறகுதான் உறை மீண்டும்.

மறந்துபோய் உறையோடு பற்றவைத்து, அது தீப்பிடித்துவிட்டால்?

முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். எரியும் உறையைப் பிடித்து இழுக்காதீர்கள். அண்டா சாய்ந்தால் 30 லிட்டர் வெந்நீர் உங்கள் மேல் கொட்டும். உலர்தூள் தீயணைப்பானை எட்டி நின்று கீழ் ஓரத்தில் பீய்ச்சுங்கள். ஆகவே அணைப்பான் எப்போதும் சிலிண்டர் பக்கத்தில், அடுப்பைத் தாண்டாமல் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மறதிக்கு ஒரு எளிய வழி உண்டு. லைட்டரை உறையின் கொக்கியில் சின்னச் சங்கிலியால் கட்டிவிட்டு, உறையைக் கழற்றி மாட்டும் ஆணியைப் பர்னர் அருகே வராதபடி தள்ளி அடித்துவிடுங்கள். கொக்கியிலிருந்து சங்கிலியைக் கழற்றாமல் லைட்டர் பர்னர் வரை எட்டக் கூடாது. சங்கிலியின் நீளம் 15 சென்டிமீட்டர் போதும்.